மன்னார் வளைகுடாவுக்குப் போவோம்: பட்டறிவுப் பயணப் பாடம்



"இந்த வருஷம் பட்டறிவுப் பயணம் எங்கே?" என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். பால் பண்ணை பார்த்தாச்சு, மண்புழு உரக்கூடம் பார்த்தாச்சு. இந்தத் தடவை கடலைப் பார்க்கணும் என்பது பல குழுக்களின் ஆசை. நியாயமான ஆசைதான். அதியமான்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கடலைப் பார்க்காத அம்மாக்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள்.

நாங்கள் சொல்லும் யோசனை, இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் மன்னார் வளைகுடா. அழகான கடற்கரை என்பது ஒரு காரணம். சட்டம் போட்டுப் பாதுகாக்கும் கடல் என்பது இரண்டாவது காரணம். அந்தக் கடலை நம்பிப் பிழைக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் முக்கியமான மூன்றாவது காரணம். பஸ் ஏறுவதற்கு முன்னால் எல்லாக் குழுவிலும் இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

பார்த்தும் பார்க்காத கடல்

நம்மில் சிலர் தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ இராமேஸ்வரம் போய் வந்திருப்பீர்கள். 22 தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, அன்று ராத்திரியே திரும்பியிருப்பீர்கள். போகிற வழியில் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் தெரியும். இடது பக்கம் இருப்பது பாக் நீரிணை. வலது பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா. அந்த வலது பக்கத்தில்தான் குருசடைத் தீவு இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து "ஆகா" என்று பார்த்துவிட்டு வந்தோமே, அது ஒரு தேசியப் பூங்காவின் ஓரம்.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் கரையோரமாக 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. இந்தத் தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் இன்னும் பெரிய பரப்பு, 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-ல் யுனெஸ்கோ அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

1989 என்ற வருஷத்தை நினைவில் வையுங்கள். ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியதும் அதே 1989-ல்தான். தொடங்கிய இடம் நம்ம தர்மபுரி மாவட்டம். அங்கே கடலுக்கு வேலி போட்ட வருஷத்தில் இங்கே நாம் சேமிப்பு நோட்டு போட்டோம். இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கீழே பார்ப்போம்.

தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

கரையில் நின்று பார்த்தால் வெறும் நீலத் தண்ணீர். உள்ளே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது பவளப்பாறை. பெயர்தான் பாறை. உண்மையில் அது உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டும் வீடு. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் உண்டு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மீன் முட்டையிட, குஞ்சு ஒளிந்து வளர, அலையின் வேகம் தணிய, எல்லாத்துக்கும் இதுதான் இடம். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலை நேராகத் தீவின் மீது மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் முங்கிவிட்டன. கடல் சூடானாலும் பவளம் வெளுத்துப்போகும். 2010, 2016, 2024 ஆகிய வருஷங்களில் அப்படி நடந்தது.

இரண்டாவது கடல்புல். நம்ம ஏரிக்கரையில் அருகம்புல் மாதிரி, கடலின் தரையில் வளரும் புல். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது இதைத்தான். இந்த ஆவுளியாவுக்காகவே 2022-ல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், தமிழ்நாடு அரசு தனிக் காப்பகமாக அறிவித்தது.

மூன்றாவது கடல்பாசி. பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அந்த ஊர்ப் பெண்கள் பெயர் சொல்வார்கள். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சித் துண்டு போட்டுக் கொடுப்பார்களே கடல்பாசி, அது இப்படிப்பட்ட பாசியிலிருந்து எடுப்பதுதான். ஐஸ்கிரீம், மருந்து, துணிக்குச் சாயம் ஏற்றுதல் என்று பல தொழிலுக்கும் பாசிச் சரக்கு போகிறது.

பாசி எடுக்கும் பெண்கள்

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறையாகப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல் கிழியாமல் இருக்கத் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குவார்கள். கையில் பறித்ததை இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். கரைக்கு வந்து காயவைத்து வியாபாரியிடம் எடை போடுவார்கள். நடவுக்கும் களைக்கும் போகும் நமக்கு இடுப்புவலி தெரியும். அவர்களுக்கு அதோடு உப்புத் தண்ணீரும் பாறையும் சேர்ந்த வலி.

1986-ல் தேசியப் பூங்கா வந்ததும் அவர்கள் நிலைமை மாறியது. நேற்றுவரை தொழில் செய்த இடம், இன்றைக்கு அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத இடம். தீவுப் பக்கம் போனால் பிடிப்பார்கள், பாசியையும் படகையும் பறிமுதல் செய்வார்கள் என்ற பயம். அரசாங்கத்தின் பக்கமும் காரணம் இருந்தது. சுரண்டியால் பாசியைச் சுரண்டினால் பாறையும் பெயர்ந்து வரும். வேர்ப்பிடி போய்விட்டால் பாசி மறுபடி முளைக்காது. ஆக இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நஷ்டம் மட்டும் ஒரே பக்கம் விழுந்தது.

அந்தப் பெண்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊர் ஊராகக் கூடி, கூட்டமைப்பாகச் சேர்ந்து, தங்களுக்கே விதி எழுதினார்கள்:

• மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது.
• பாசி பெருகும் காலத்தில் 45 நாள் கடலில் இறங்காமல் இருப்பது.
• இரும்புச் சுரண்டி கூடாது. கையால் பறிக்க வேண்டும். வேர்ப்பிடியை விட்டுவிட வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தினக்கூலியை நம்பி வாழ்கிறவர்கள், மாதத்தில் 18 நாள் அந்த வேலையே வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்தார்கள். மேலிருந்து வந்த உத்தரவாக இருந்தால் ராத்திரியில் போய் எடுத்துவிட்டு வந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து போட்ட கட்டுப்பாடு என்பதால் மீறுவது கஷ்டம். நம் குழுவில் "வாரக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம்" என்று எழுதுகிறோமே, அது நிற்பதும் இதே காரணத்தால்தான். எழுதியவர்களும் நாமே, கட்டுபவர்களும் நாமே.

இந்த முயற்சிக்காக, சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்களின் தலைவி இலட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் விருது அது.

விருது கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெண்கள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டதால் சட்டம் மாறிவிடவில்லை. பூங்கா எல்லை பூங்கா எல்லைதான். காப்பாற்றவும் வேணும், பிழைக்கவும் வேணும் என்ற இழுபறி இன்னும் நடக்கிறது. அங்கே போகும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூங்கில் தெப்பமும் குழுக் கடனும்

நம்ம மாதிரி குழுக்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு கதையும் அதே கடலில் உண்டு.

கப்பாபைகஸ் என்று ஒரு பாசி. நம் நாட்டுப் பாசி அல்ல, பிலிப்பைன்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது. 1990-களில் ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை வளர்க்க வைத்ததால் ஊரில் இதற்குப் "பெப்சி பாசி" என்றே பெயர் விழுந்தது. மூங்கிலில் சதுரமாகத் தெப்பம் கட்டி, கயிற்றில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. மகளிர் குழுக்களுக்கு வங்கிக் கடனும் மானியமும் கிடைத்தன. முங்கி முங்கிப் பாசி எடுத்த பெண்களுக்கு, இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்யும் வேலை பெரிய ஆறுதல். பல குடும்பங்களுக்குக் கைநிறையக் காசு வந்தது.

ஆனால் வேகமாக வளரும் எதுவும் வேலிக்குள் நிற்காது. நம்ம ஊரில் சீமைக்கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தேசியப் பூங்கா இருக்கும் பக்கம் இதை வளர்க்காமல் பாக் நீரிணைப் பக்கம் வளர்க்க வேண்டும் என்று 2005-ல் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படியும் 2008-ல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இந்தப் பாசி போர்வை மாதிரி படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள். பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் நடந்தது. 2013-க்குப் பிறகு விளைச்சலும் கடுமையாகச் சரிந்தது. கடலில் வெப்பம் ஏறினால் இந்தப் பாசி தாங்காது. தெப்பம் காலி, தவணை மட்டும் பாக்கி என்றால் ஒரு குழுவின் கதி என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாசி வளர்ப்பு இத்தோடு முடிந்துவிடவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடல்பாசிப் பூங்கா அமைக்க 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். எனவே இது பழங்கதை அல்ல. புதிதாக ஒரு தொழிலுக்கு மானியம் வருகிறது என்றால் நாம் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள். நாம் வளர்ப்பது தப்பிப் போனால் அடுத்தவர் பிழைப்பை அழிக்குமா? ஒரு பருவம் பொய்த்தால் தவணை யார் கட்டுவது? வாங்குகிற கம்பெனி ஒன்றே ஒன்றுதானா?

எப்படிப் போவது, என்ன பார்ப்பது?

தூரம்: தொப்பூர் கணவாய் இறங்கி சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம். ஏறக்குறைய 450 கிலோமீட்டர். ராத்திரி புறப்பட்டால் காலையில் கடல்.

காலம்: ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம்.

முதல் நாள்: இராமநாதபுரம் டவுனை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய். விவசாயத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் கண்மாய், அதுவே பறவைகள் சரணாலயம். ஏரி என்றால் மீன் ஏலமும் குப்பையும் மட்டும்தானா என்று கேட்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வழியெல்லாம் பனங்காடும் ஊருணியும் நம்ம ஊர்க் காட்சிக்கு வேறு மாதிரி இருக்கும். பிறகு மண்டபம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடக்க காலத்தில் இயங்கியது இங்கேதான்.

இரண்டாம் நாள்: பாம்பன் பாலம் தாண்டி குந்துகால். 1897-ல் விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கரை இறங்கிய இடம். எதிரே குருசடைத் தீவு. தீவுக்குப் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். எந்த நாளில் அனுமதி, எத்தனை பேருக்கு என்பதை மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். மாலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்க்கும்போது, கடல் அழகு மட்டும் இல்லை என்பது புரியும். அங்கே பூநாரைகள் வந்து இறங்கும் பகுதியை 2025-ல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

செலவு: இதற்கு உள்கடன் எடுக்கவே வேண்டாம். வாரம் 25 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 40 வாரத்தில் 1,000 ரூபாய். பயணக் கணக்கைத் தனி நோட்டில் எழுதுங்கள்.

போகிற இடத்தில் நடந்துகொள்ளும் முறை

1. பாசி எடுக்கும் பெண்களைச் சந்திக்க வேண்டும் என்றால், ஊர்ச் சங்கத்தைக் கேட்டு, அவர்கள் கடலுக்குப் போகாத நாளில் போக வேண்டும். அவர்களுக்கு இருப்பதே 12 நாள். நாம் பேசப் போய் அதில் ஒரு நாளைக் கெடுக்கக் கூடாது.

2. கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. நனைந்த சேலையோடு வேலை செய்கிறவர்களை செல்போனில் பிடிப்பது மரியாதை இல்லை. நாற்று நடும்போது யாரோ வந்து நம்மைப் படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

3. பவளத் துண்டு, கடற்குதிரை, காய்ந்த கடல் அட்டை எதையும் கரையில் பொறுக்கவும் கூடாது, கடையில் வாங்கவும் கூடாது. 2001 முதல் இவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. "சும்மா ஒண்ணே ஒண்ணு" என்பதற்கும் வழக்கு உண்டு. பெரிய சங்கு, சிப்பி வகைகளிலும் சில தடைப்பட்டியலில் இருக்கின்றன. தெரியாததை வாங்காமல் இருப்பதே நல்லது.

4. தண்ணீரில் நடக்கும்போது பவளத்தின் மேல் காலை வைக்கக் கூடாது. ஒரு மிதி பல வருஷ வளர்ச்சியை உடைக்கும்.

5. பாலித்தீன் பை, தண்ணீர் பாக்கெட், பூ சுற்றிய கவர் எல்லாம் பஸ்ஸுக்கே திரும்ப வர வேண்டும். கட்டுச்சோற்றுக்கு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.

6. சாப்பாடும் படகும் முடிந்தவரை அந்த ஊர்க்காரர்களிடமே. நாம் செலவு செய்யும் காசு கடலைக் காப்பாற்றுகிறவர்கள் கைக்குப் போகட்டும்.

நம்ம ஊருக்கு என்ன?

"கடல் அவங்களுக்கு, நமக்கென்ன" என்று யாராவது கேட்கலாம். நமக்கும் இருக்கிறது. 2022-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. யானை, நீர்நாய், முதலை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் வாழும் காடு. காட்டை ஒட்டிய ஊர்களில் நம் சகோதரிகள் சுள்ளி பொறுக்குகிறார்கள், புளி உலுக்குகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 1986-ல் வந்த கேள்வி இன்று இங்கே வந்து நிற்கிறது. காடும் நிற்க வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும்.

அதியமான்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் காடு கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் ஏரி, ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றில் எதற்காவது நம் குழு ஒரு கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா? சேமிப்புக்கும் கடனுக்கும் 20 விதி எழுதத் தெரிந்த நமக்கு, ஏரிக்கரைக்கு ஒரே ஒரு விதி எழுதத் தெரியாதா?

சட்டம் எல்லை போடும், பலகை வைக்கும், அபராதம் போடும். எந்த நாளில் இறங்கலாம், எதைத் தொடக் கூடாது, எவ்வளவு எடுத்தால் அடுத்த வருஷமும் கிடைக்கும் என்பது அதில் பிழைப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டுப் போடும் விதி நிற்கும். கேட்பதற்கு அவர்கள் ஒன்றாகக் கூடியிருக்க வேண்டும். சின்னப்பாலத்துப் பெண்களிடம் போய் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். முதல் கூட்டத்தை எப்படிக் கூட்டினீர்கள்? மறுத்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்? மீறியவர்களை என்ன செய்தீர்கள்? அந்த 18 நாள் அடுப்பு எப்படி எரிந்தது?

குழுவில் பேசுவோம்

1. நம் ஊரில் எல்லாரும் பயன்படுத்தும் இயற்கை வளம் எது? பத்து வருஷத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது?

2. அதை அதிகம் நம்பியிருப்பவர் யார்? ஆடு வைத்திருப்பவரா, மீன் ஏலம் எடுப்பவரா, துணி துவைக்கப் போகும் பெண்களா? கட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதல் நஷ்டம்?

3. அந்த நஷ்டத்தைக் குழு எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம்?

4. சின்னப்பாலத்துப் பெண்களிடம் கேட்க உங்கள் குழுவின் ஒரு கேள்வி என்ன?

நாலாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் கையெழுத்தோடு அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாக் குழுக்களின் கேள்விகளையும் தொகுத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் உறுப்பினர்கள் கேள்வியோடுதான் பெயர் கொடுக்க வேண்டும்.